துணைக்கு வந்த மாணவன்

"பழவேற்காட்டுப் பக்கம் பூமி கொஞ்சம் லேசாத்தான் இழுக்குது போலிருக்கு" என்றார் வேலாயுதம் சார். வகுப்பே சிரித்தது. என் அண்ணன் தேசிங்கு மட்டும் சிரிக்கவில்லை.

சமுதாயக் கல்லூரியில் எங்களுக்கு அது முதல் செய்முறை வகுப்பு. பித்தளைக் குண்டு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். அது போய்வர ஆகும் நேரத்தைக் குறித்து, பூமி அதை எவ்வளவு இழுக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். விடை ஒன்பது புள்ளி எட்டை ஒட்டி வர வேண்டும். எல்லாருக்கும் ஏறக்குறைய வந்தது. தட்டுத் தடுமாறி எனக்கும் வந்தது. அண்ணனுக்கு மட்டும் ஒன்பதரை.

காரணம் இதுதான். கல்லூரியில் கொடுத்த நூல் இற்றுப்போயிருந்தது, தொட்டால் அறுந்தது. அண்ணனின் சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் தங்கூசி சுருட்டிக் கிடக்கும். தங்கூசி என்றால் வலை பின்னும் மெல்லிய நைலான் நரம்பு, கண்ணுக்கே தெரியாது. அதை உருவிக் குண்டைக் கட்டிவிட்டான். எங்கள் குப்பத்து ஆள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். கட்டியதை மேசைமேல் நீட்டி வைத்து அளந்தான், பிறகுதான் தொங்கவிட்டான்.

மணி அடித்து எல்லாரும் போய்விட்டார்கள். இவன் நகரவில்லை.

"ண்ணா, ரயிலு போயிடும். வா."

"இரு. தப்பு எங்கயோ கீது. அத்தப் பாக்காம எப்படி வர்றது?"

எனக்கு எரிச்சலாக வந்தது. பசி வேறு. அவன் குண்டைப் பார்த்தபடியே நின்றான். பிறகு தொங்கிக்கொண்டிருந்த நரம்பின் பக்கத்தில் ஸ்கேலைப் பிடித்தான். மேசைமேல் அளந்ததைவிட இரண்டு விரற்கடை கூடுதலாக இருந்தது.

"தேவகி, இது நீளுது! குண்டு இழுக்கறதுல நரம்பு நீளுது. பூமி சரியாத்தான் இழுக்குது, நான்தான் படுக்கவெச்சு அளந்துட்டேன்."

தங்கூசி நீளும் என்பது அவனுக்குப் புதிதல்ல. வலை இழுத்த கைக்கு அது தெரியாதா? ஆனால் கை அறிந்த ஒன்று காகிதத்தில் எண்ணாக வரும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. இன்னொரு எடையை மாட்டினான், அளந்தான். இன்னொன்று, மறுபடி அளந்தான். பூட்ட வந்த வேலாயுதம் சார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"டேய், அது அடுத்த செமஸ்டர் பாடம்டா."

"பரவால்ல சார். இன்னிக்கே கத்துகினு போயிடறேன்."

சார் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ரயில் போய்விட்டது. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நல்ல பாட்டு கிடைத்தது.

வாட்ச்மேன் வேலை

அண்ணன் படிக்க வந்தவனே அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

பிளஸ் டூ முடித்துவிட்டு மேலே படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். அனுப்பம்பட்டு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஓடாத அரிசி மில் ஒன்றில் அந்தச் சமுதாயக் கல்லூரியை நடத்திவந்தார்கள். அங்கே பயன்பாட்டு இயற்பியலில் இரண்டு வருடப் படிப்பு இருந்தது. நன்றாக முடித்தால் சென்னையில் பெரிய கல்லூரியில் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே நேராகச் சேர்ந்துவிடலாம். மில்லின் தரையில் எங்கே உட்கார்ந்து எழுந்தாலும் பாவாடையில் தவிடு ஒட்டும்.

எங்கள் குப்பம் ஏரிக்கு அந்தப் பக்கம். பாலம் வருவதற்கு முந்தைய காலம். படகில் பழவேற்காடு, அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி, பிறகு ரயில். நைனா யோசித்தார்.

"பொம்பளப் புள்ள தண்ணி தாண்டி, பஸ்ஸு ஏறி, ரயிலு ஏறித் தனியா போவுமா? தேசிங்கு கூடப் போவட்டும்."

"போயி நான் இன்னா பண்றது?" என்று அண்ணன் கேட்டான். அவன் பிளஸ் டூ முடித்து நைனாவோடு ஏரியில் வலை கட்டப் போய் இரண்டு மூன்று வருடமாகியிருந்தது.

"வெளிய நின்னுகினு கீறதுக்கு உள்ள ஒக்காந்தா இன்னா? நீயும் பேரைக் குடு."

"நான் இன்னா இவளுக்கு வாட்ச்மேனா நைனா?"

"ஆமாண்டா, வாட்ச்மேன்தான். போடா."

இப்படித்தான் அவன் மாணவன் ஆனான். விடியலில் வலையைப் பார்த்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு என்னைப் படகில் ஏற்றுவான். முதல் வாரம் கடைசி பெஞ்சில் தூங்கினான். அந்தத் தங்கூசி நாளுக்குப் பிறகு தூங்கவில்லை. காவலுக்கு அனுப்பிய ஆளைப் படிப்பு பிடித்துக்கொண்டது. இது நைனாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. பார்த்தவள் நான் ஒருத்திதான்.

பொறாமையாக இருந்ததா என்றால், ஆமாம், இருந்தது. நான் மாங்கு மாங்கென்று படித்து வாங்கிய மதிப்பெண்ணை அவன் சிரித்துக்கொண்டே வாங்கினான். ஆனால் எனக்குப் புரியாததை அவன் சொன்னால் புரிந்தது. "இத்தப் பாரு" என்று ஆரம்பிப்பான். பஸ் ஜன்னல், ரயில் சக்கரம், டீக்கடைப் பாய்லர் எதுவும் தப்பாது.

ஒல்லாந்தர் சுவரோரம்

பழவேற்காட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நிழல் பார்த்து ஒதுங்குவோம். வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருப்பார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்து நான் போட்ட கூச்சலை அண்ணன் பெரியவனாகியும் நடித்துக் காட்டுவான்.

அந்த ஒல்லாந்தர்கள், அதாவது டச்சுக்காரர்கள், இங்கே கோட்டை கட்டி, வெடிமருந்து செய்து, துணி வாங்கி ஏற்றிய கதையெல்லாம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆட்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள் என்பதை நான் பின்னாளில்தான் படித்தேன். இந்த முகத்துவாரத்திலிருந்து போனவர்களில் எத்தனை பேர் போகப் பிரியப்பட்டவர்கள், கரையில் நின்றவர்களில் எத்தனை பேர் நிற்கப் பிரியப்பட்டவர்கள் என்று யார் எழுதி வைத்தார்கள்?

ஊர்ப் பள்ளிவாசலில் ஒரு நிழல் கடிகாரம் உண்டு. அண்ணன் அதைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அங்கிருந்த பாயிடம் அனுமதி கேட்டான்.

"தாராளமாப் பாரு தம்பி. ஆனா அத்த நம்பி பஸ்ஸுக்கு நிக்காதே, பேஜாராயிடும்" என்றார் அவர்.

நிழல் காட்டிய நேரமும் அண்ணனின் கைக்கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. கடிகாரம் மொத்த நாட்டுக்கும் ஒன்று, சூரியன் உச்சிக்கு வருவது ஊருக்கு ஊர் வேறு என்று பொன்னேரி போய்ச் சேரும்வரை எனக்கு விளக்கிக்கொண்டே வந்தான். டிக்கெட் எடுக்க மறந்து கண்டக்டரிடம் திட்டு வாங்கினோம்.

இரண்டு பேருக்கும் இடம்

இரண்டு வருடம் ஓடியது. கடைசிப் பரீட்சை முடிந்து, சென்னைக் கல்லூரியில் நேர்காணலும் முடிந்திருந்தது. கோடை வெயிலில் ஒருநாள் வேலாயுதம் சார் எங்களை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"ரெண்டு பேருக்கும் சீட் கெடச்சிருக்கு. தேவகி, உன் மார்க்குக்கு உனக்குக் கெடச்சுது. இவனை அங்க இருக்கிற புரொஃபசர் பேரைச் சொல்லிக் கேட்டிருக்காரு. நேர்காணல்ல என்னடா பேசின?"

"நான் ஒண்ணும் பேசல சார். அவரு பீரோல ஒரு மெஷின் இருந்துது, அது இன்னான்னு கேட்டேன். அப்புறம் அவருதான் பேசிகினே இருந்தாரு."

சார் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அன்று மாலை படகு பாதி ஏரிக்கு வந்ததும் அண்ணன் போட்ட சட்டையோடு தண்ணீரில் குதித்தான். இடுப்பளவுத் தண்ணீர்தான். நின்றுகொண்டு என்மேல் வாரி இறைத்தான். அவனை அத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

கல்லூரி திறக்கச் சில வாரம் இருக்கும்போது நைனாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கையும் காலும் போயின. பேச்சு குழறியது. அம்மாவுக்கு மட்டும்தான் புரியும்.

பாடு

எங்கள் ஏரியில் யார் எங்கே வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் வரும் இடங்களை ஊரே பங்கிட்டு, வீட்டுக்கு வீடு முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பெயர் பாடு. வருடத்துக்கொரு முறை அம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு யாருக்கு எந்த முறை என்று முடிவு செய்வார்கள். வீட்டு ஆண் நேரில் வந்து தன் கையால் சீட்டை எடுக்க வேண்டும், தன் கையால் வலை கட்ட வேண்டும். வெளிவேலைக்குப் போனவனுக்குப் பாடு இல்லை. பாட்டை இன்னொருவனுக்குக் கைமாற்றவும் கூடாது. ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால் மறுபடி ஏறுவது லேசில் நடக்காது. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது நைனாவின் பாட்டில்தான்.

அந்த வருடச் சீட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அண்ணன் பழைய டிரங்குப் பெட்டிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான், இரண்டு பேருக்குமாக.

ஒரு விடியலில் நைனாவைப் படுக்கையில் காணோம். நாங்கள் பதறி ஓடினோம். படகு கட்டியிருந்த இடத்தில் சேற்றில் உட்கார்ந்திருந்தார். படகு தள்ளும் ஊன்றுகழியை இடது கையில் பிடித்திருந்தார். அத்தனை தூரமும் தவழ்ந்தே வந்திருக்கிறார், முழங்கை தேய்ந்து ரத்தம். என்னவோ சொன்னார். அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே எங்களிடம் சொன்னாள்:

"ஒரு கையால ஆவுதான்னு பாத்தாராம்."

அண்ணன் அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பெட்டிக்குப் பெயின்ட் அடிப்பதை அதோடு நிறுத்திவிட்டான்.

சீட்டுப் போடும் நாளில் ஆண்கள் கோயில் முன்னால் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஓரமாக நின்றோம். நடத்தியவர் ஊர்ப் பெரியதனக்காரர் எத்திராஜ் மாமா. எங்கள் வீட்டுப் பெயரை அவர் வாசித்ததும் நான் முன்னால் போனேன். முன்கூட்டி யோசித்ததெல்லாம் இல்லை. கால் தானாகப் போய்விட்டது.

"மாமா, எங்க வூட்டுப் பாட்டை எம் பேருக்கு எழுதுங்க. அண்ணன் படிக்கப் போவட்டும்."

யாரோ சிரித்தார்கள். எத்திராஜ் மாமா சிரிக்கவில்லை.

"எம்மா தேவகி, பொம்பளைக்குப் பாடு எழுதற வழக்கம் கெடையாதும்மா."

"எழுதினா இன்னா மாமா? நான் வலை கட்ட மாட்டேனா? இடுப்பளவு தண்ணியில எறா தடவிப் புடிக்கிற பொம்பளைங்க எத்தினி பேரு இங்க நிக்கிறாங்க?"

"கட்டுவ. இல்லன்னு நான் சொல்லல. நாளைக்கு உன்ன வேற ஊருல கட்டிக் குடுப்பாங்க. அந்த ஊருக்காரன் வந்து எம் பொண்டாட்டி பாட்டைக் குடுன்னா, இந்தத் தண்ணியில பாதி போயிடும். உனக்கு மட்டும் எப்படி எழுதறது?"

"நான் கட்டிக்கவே போறதில்ல. அண்ணனுக்குத்தான் அந்தப் படிப்பு மேல உசுரு. நான் சும்மா மார்க்குக்குப் படிக்கிறவ. அவனப் பாத்திருந்தா நீங்களே அனுப்புவீங்க மாமா!"

மாமா, அம்மா நின்ற பக்கம் திரும்பினார்.

"அக்கா, ஒரு வழி கீது. ஆம்பள இல்லாத வூட்டுக்கு ஊரு பங்கு மீன் குடுக்கறமே, அத்த உங்களுக்கும் குடுக்கச் சொல்றேன். பாட்டுல பேரு விழுந்துடும், ஆனா புள்ளைங்க ரெண்டும் படிக்கப் போவும்."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த மீனை வாங்குகிறவர்கள் புருஷன் கடலில் போனவர்கள், தாலி அறுத்தவர்கள். அம்மா கழுத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"அவரு வூட்டுல உசுரோட படுத்துகினு கீறாரு. இது கழுத்துல கீறப்ப அந்த மீன நான் எப்படி வாங்குவேன்? அவரு எதிர வெச்சு எப்படி ஆக்குவேன்?"

அண்ணன் எழுந்து வந்தான். என் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, நடுவிலிருந்த சீட்டுப் பானைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து, பிரித்துக்கூடப் பார்க்காமல் மாமாவிடம் கொடுத்தான்.

எந்த வழக்கம் என்னை "உனக்கு உரிமை இல்லை" என்று தள்ளியதோ, அதே வழக்கம்தான் என்னைப் படிக்க அனுப்பியது. ஆண் என்பதால் அவன் கட்டுண்டான். பெண் என்பதால் நான் வேண்டாதவள், அதனால் போகலாம். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அண்ணன் என்மேல் பாய்ந்தான்.

"உன்ன யாரு கேட்டாங்க? உசுரு கிசுருன்னு ஊரு முன்னால இன்னாத்துக்குச் சொன்ன?"

"உண்மையத்தானே சொன்னேன்."

"நான் யாராண்டயாவது சொன்னனா? நைனாவுக்குத் தெரியாம இருந்துது. இப்ப ஊரே போய் அவராண்ட சொல்லும். அவரு கெடந்து அழுவாரு. சந்தோசமா உனக்கு?"

அதன்பிறகு நான் கிளம்பும்வரை படிப்பைப் பற்றி அவன் என்னிடம் வாயே திறக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே

சென்னைக்கு அவன்தான் கொண்டுவந்து விட்டான். பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு, கல்லூரியைக் காட்டு என்றான். முதல் மாடியில் இயற்பியல் ஆய்வுக்கூடம் பூட்டியிருந்தது. வராண்டா ஜன்னலில் இரண்டு கையையும் நெற்றிக்கு வைத்து மறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அங்கே வந்த அட்டெண்டர், "திறக்கட்டுமா தம்பி? நீங்களும் இந்த வருஷமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. தங்கச்சிய வுட வந்தேன்" என்றான்.

திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கேட்டருகே வந்ததும், "பசியோட கெடக்காத. ஒழுங்கா சாப்புடு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

வகுப்புகள் ஆரம்பித்தன. சேர்க்கைப் பட்டியலில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தன. ஆங்கில அகரவரிசையில் தேசிங்குவுக்கு அடுத்து தேவகி. தினமும் அவன் பெயரைக் கூப்பிடுவார்கள். நான் எழுந்து, "வருவான் மேடம்" என்பேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெயர் இருக்கிறவரை இடம் இருக்கிறது. அந்த இடத்தை என் வாயால் எப்படி விட்டுக்கொடுப்பேன்?

ஒரு நாள் வகுப்பாசிரியை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னியோட பட்டியலை மூடறாங்கம்மா. இந்த சீட்டுக்கு இன்னொரு பையன் காத்துட்டிருக்கான். உங்க அண்ணன் வர்றாரா, இல்லையா?"

அந்த இன்னொரு பையனும் எந்த ஊரிலிருந்து எதைத் தாண்டி வந்து நிற்கிறானோ. வாயைத் திறந்து, "வரமாட்டான் மேடம்" என்றேன். அவர் ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டார்.

மறுநாள் முதல் வகுப்பு, தலை நிமிராமல் பெயர் வாசிக்கும் ஒரு வயதான பேராசிரியருடையது. எனக்கு முந்தைய பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அடுத்து அண்ணன் பெயர், அதற்கடுத்து நான் என்று பழக்கத்தில் காத்திருந்தேன். அவன் பெயர் வரட்டும் என்றே காத்திருந்தேன். பக்கத்திலிருந்தவள் என் தொடையில் கிள்ளி, "ஏய், உன்னக் கூப்பிட்டாருடி" என்றபோது அவர் நாலைந்து பெயர் தாண்டிப் போயிருந்தார்.

அன்றைக்கு நானும் ஆப்சென்ட்.